ஏரிக்கரையில் நூற்றிருபது மணி நேரம்

கல்லூரியில் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் 'இன்டர்ன்ஷிப்' என்ற சொல் காதில் விழாத நாள் இப்போது இல்லை. ஒரு காலத்தில் இன்ஜினியரிங், எம்.பி.ஏ. பிள்ளைகள் மட்டும் சொன்ன சொல் இது. இன்றைக்கு பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிறவர்களும், அதிலும் சுற்றுச்சூழல் படிப்பு என்று சேர்ந்தவர்களும், மூன்றாவது வருஷம் பிறக்கும் முன்பே இதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்து விடுகிறார்கள். பெற்றோருக்கோ இது சம்பளமில்லாத வேலையா, படிப்பா, சுற்றுலாவா என்றே விளங்குவதில்லை. அதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று வாசகப் பெருமக்கள் கேட்கலாம். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஜீவனஹள்ளியில் காகிதக் கடை வைத்திருக்கிறேன். நோட்டு, பேனா, ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், பானஸ்வாடி பக்கத்துப் பிள்ளைகள் ஏப்ரல், மே வந்தால் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு பைண்டிங்குக்கு வருவார்கள். துளை போடுகிற நேரத்தில் நான் படிப்பேன். படித்துப் படித்தே அறிந்தது கொஞ்சம், யு.ஜி.சி. ஆவணங்களை வரவழைத்துப் பார்த்தது கொஞ்சம். அறுபது பக்க அறிக்கையில் மூன்று பக்கம் நன்றியுரை, முப்பது பக்கம் நிறுவனத்தின் வரலாறு, பிள்ளை செய்த வேலை இரண்டே பக்கம், இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுவோம். 'சுற்றுச்சூழல்' என்று கல்லூரியில் சொல்லப்படுவது இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று, எந்தப் பட்டம் படித்தாலும் எல்லோரும் எழுத வேண்டிய ஒற்றைத் தாள். இது உச்ச நீதிமன்றம் கொடுத்த சீதனம் என்றே சொல்லலாம். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு, சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சினிமா கொட்டகைகளில் படம் போடுமுன் சுற்றுச்சூழல் சிலைடு காட்ட வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். ஆனால் பாடம் வகுப்பறைக்கு வந்து சேரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. புணேயைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஏராக் பருச்சா தலைமையில் குழு அமைத்து, 2003ல் யு.ஜி.சி. ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்று கொடுத்தது. மொத்தம் 50 வகுப்பு. எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், களப்பணிக்கு 25. அருகிலுள்ள ஆறு, குளம், குன்று, மாசுபட்ட இடம் ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது அந்த 25ன் நோக்கம். பல கல்லூரிகளில் அது லால்பாகுக்கு ஒரு நாள் போய் வருவதோடு முடிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, ஐம்பது வகுப்பில் களத்துக்கு ஒதுக்கியது ஐந்துதான்.

இரண்டாவது, சுற்றுச்சூழலையே முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கிற பட்டம். இதில்தான் 'கிரெடிட்' உள்ள இன்டர்ன்ஷிப் வருகிறது. இப்படிப்பட்ட படிப்பு உலகில் பரவிய கதையே சுவையானது. 1969 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா கடற்கரைக்கு அருகே ஓர் எண்ணெய்க் கிணறு வெடித்து, கரை முழுக்கக் கறுப்பாயிற்று. மறு வருஷமே, 1970ல், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிப்புக்கென்று தனித் துறை தொடங்கினார்கள். கண் முன்னால் செத்துக் கிடந்த கடற்பறவைகளைப் பார்த்து எழுந்த படிப்பு. களத்துக்குப் போகாமல் இதைப் படிக்க முடியாது என்ற எண்ணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

கிரெடிட் என்பது கடன் அல்ல

'நாலு கிரெடிட்' என்று பிள்ளை சொன்னதும் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "என்ன நயினாரே, காலேஜ்ல கடன் வாங்கியிருக்கானா?" சிரிக்க வேண்டாம். நம் ஜனங்களுக்கு கிரெடிட் என்றால் கடைக் கடன், கார்டு கடன். ஆனால் கணக்குப் புத்தகத்தில் கிரெடிட் என்பதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் வரவு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கல்லூரி கிரெடிட்டும் வரவுதான். பிள்ளை செலுத்திய நேரம் வரவாக ஏறுகிறது.

நேரத்தை எண்ணும் இந்தப் பழக்கம் வந்த வழி வேடிக்கை. 1905ல் ஆண்ட்ரூ கார்னகி என்ற இரும்பு வியாபாரி, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஓர் அறக்கட்டளை வைத்தார். எது உண்மையான கல்லூரி, யாருக்கு ஓய்வூதியம் என்று பிரிக்க அளவுகோல் வேண்டுமே? உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை வருஷத்தில் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு, இத்தனை அலகு முடித்தவனைச் சேர்ப்பதே கல்லூரி என்று 1906ல் வைத்தார்கள். 1910ல் மோரிஸ் குக் என்ற பொறியாளர் தொழிற்சாலைக் கணக்கையே கல்லூரிக்குள் கொண்டுவந்து, ஒரு மாணவன் ஒரு மணி நேரம் என்ற அளவைச் சொன்னார். ஆக, இன்று நம் பிள்ளைகள் தூக்கிச் சுமக்கும் கிரெடிட், ஒரு வியாபாரியின் பென்ஷன் திட்டத்தில் முளைத்த விதை. அதே 1906ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர், ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை என்று மாற்றி மாற்றி 27 மாணவர்களைப் படிக்க வைத்தார். வேலையும் படிப்பின் பகுதியே என்பது பல்கலைக்கழகத்தில் நிலைபெற்றது அங்கேதான்.

நம் நாட்டுக் கணக்கு இது. 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட இளநிலைப் பட்டப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, வகுப்பறைப் பாடத்தில் 15 மணி நேரம் ஒரு கிரெடிட்; களப்பணி, இன்டர்ன்ஷிப் என்றால் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். களத்து மணி வகுப்பு மணியில் பாதி விலைதான் பெறுகிறது! இது சரியா என்று எனக்கு இன்றும் சமாதானமில்லை. மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நாலு வருஷத்துக்கு 160. அதில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4. அதாவது 60 முதல் 120 மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் வேலை என்றால் 120 மணிக்கு இருபது நாள். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் போகிறவனுக்கு அறுபது நாள். இந்த வாய்ப்பாட்டை விடுமுறை தொடங்கும் முன்பே போட்டுப் பார்க்காத பிள்ளைதான் ஜூலையில் அழுகிறது.

கர்நாடகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. புதிய கல்விக் கொள்கையை 2021-22ல் முதலில் ஏற்ற மாநிலம் இது. 2024ல் மாநில அரசு நாலு வருஷப் பட்டத்தை விட்டு மீண்டும் மூன்று வருஷத்துக்குத் திரும்பியது. தனியார் பல்கலைக்கழகங்கள் தனி வழி போகின்றன. ஆகவே அக்கா படித்த விதி தம்பிக்குப் பொருந்தாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கல்லூரி விதி நம் பிள்ளைக்குப் பொருந்தாது. சேர்ந்த வருஷத்து விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அதில் இன்டர்ன்ஷிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். (என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை.)

ஒரு பெண் முடித்த கதை

எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி. தகப்பனார் தையல் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சுற்றுச்சூழல் படிப்பில் சேர்ந்தாள். நாலு கிரெடிட் இன்டர்ன்ஷிப் கட்டாயம், முடிக்காவிட்டால் அடுத்த வருஷ உதவித்தொகை நிற்கும் என்பது நிலைமை.

முதலில் போன இடம் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். சுற்றுச்சூழல் என்று பலகையில் இருந்ததே தவிர, அவளுக்குக் கொடுத்த வேலை அவர்கள் நிகழ்ச்சிகளின் புகைப்படங்களுக்கு வாசகம் எழுதுவது. எட்டு நாள் போனாள். ஒன்பதாம் நாள் பொறுப்பாளர் மாறினார். புதியவர், "உன்னை யார் சேர்த்தது? என் கையெழுத்து கிடையாது" என்று விட்டார். கையில் எழுத்து எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. நாற்பத்தெட்டு மணி நேரம் காற்றோடு போயிற்று.

அந்த வாரம் தகப்பனார் கடைக்கு வந்தார். "அண்ணே, ஒருத்தர் மூவாயிரம் கொடுத்தா லெட்டர்ஹெட்ல சர்டிபிகேட், ரிப்போர்ட் எல்லாம் ரெடியா தர்றேங்கிறார். வாங்கிடலாமா? பொண்ணு வேண்டாங்குது, அழுவுது. எனக்கு ஸ்காலர்ஷிப் போயிடுமேன்னு பயம்." பொருள் வராமல் பில் மட்டும் வாங்குவதை எங்கள் தொழிலில் என்ன பெயரிட்டுச் சொல்வோம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஆயத்த அறிக்கைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரே ஏரி, ஒரே அட்டவணை, முதல் பக்கத்தில் பெயர் மட்டும் வேறு. வாய்மொழித் தேர்வில் "எந்தக் கரையில் நின்று தண்ணீர் எடுத்தாய்?" என்று ஒரு கேள்வி போதும், எல்லாம் வெளியில் வந்து விடும். "பொண்ணு சொல்றதுதான் சரி தம்பி, காலேஜ்ல போய் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லச் சொல்லுங்க" என்றேன். போய்ச் சொன்னாள். கல்லூரிக்காரர்கள் திட்டினாலும் இடம் மாற்றிக்கொள்ளப் படிவம் கொடுத்தார்கள். இழந்த மணி இழந்ததுதான், மீண்டும் பூஜ்யத்தில் இருந்து.

இரண்டாம் முறை, ஓர் ஏரியைப் பாதுகாக்கும் குடியிருப்போர் குழுவிடம் போனாள். இம்முறை முதல் நாளே ஒரு பக்கத்தில் உடன்படிக்கை. என்ன வேலை, எத்தனை மணி, எந்தத் தேதி முதல் எது வரை, வாரம் ஒரு முறை நாள்வழியில் கையெழுத்துப் போடுவது யார், அவர் இல்லாவிட்டால் யார், பயண நேரம் கணக்கில் சேருமா சேராதா. குழுவின் பொறுப்பாளர், கல்லூரி வழிகாட்டி, மாணவி என்று மூன்று கையெழுத்து. இந்த ஒரு தாள்தான் முழு விஷயத்துக்கும் அச்சாணி.

வேலை என்ன? ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது. பெங்களூர் ஏரிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும் தீப்பிடித்ததும் தெரியும். தமிழ்ச் சங்கமும் வள்ளுவர் சிலையும் அருகிருக்கும் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் மிதந்ததும் நம்மில் பலர் கண்ணால் கண்டது. மீன் செத்ததற்கு விஷம் என்று உடனே சொல்வோம். பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான். கழிவுநீர் கலந்தால் அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் காலி செய்து விடும். மீன் வாழத் தகுதியான நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருப்பது லிட்டருக்கு 4 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். 25 டிகிரி வெப்பத்தில் கடல்மட்டத்தில் சுத்தமான தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் வரை தாங்கும். நம் ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதிலும் கொஞ்சம் குறையும்.

இங்கேதான் நான் ரசித்த விஷயம். ஆக்சிஜன் அளவு ஒரே ஏரியில் ஒரே நாளில் ஏறி இறங்கும். பகலில் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜன் விடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சும். விடியும் முன் அளவு அடிமட்டத்தில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அளந்தவன் ஏரி நலம் என்பான், விடியற்காலை அளந்தவன் ஏரி சாகிறது என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. எனவே எத்தனை மணிக்கு அளந்தாய் என்பது எவ்வளவு அளந்தாய் என்பதற்குச் சமம். அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் விடிகாலையும், அதே நாள் மதியமும் அளந்தாள். விடிகாலைக்கு அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். பெண்பிள்ளையை இருட்டோடு ஏரிக்கு அனுப்புவதா என்று அம்மா தயங்கியது நியாயம். குழுவின் நடைப்பயிற்சிக்காரர்கள் இரண்டு பேர் உடன் இருப்பார்கள் என்பதையும் உடன்படிக்கையிலேயே எழுத வைத்தார் தகப்பனார். நல்ல காரியம்.

அளக்கும் முறை விங்க்ளர் முறை. 1888ல் லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலார் கண்டது. மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் அவற்றைச் சரிபார்க்க இன்றும் இதைத்தான் நாடுகிறார்கள். 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழி கூட இல்லாமல் ஏரித் தண்ணீரை நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீஸ் சல்பேட்டும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் விட்டால் வண்டலாய்ப் படியும். பழுப்பு நிறம் என்றால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் இல்லை என்று பொருள். இது வரை ஏரிக்கரையிலேயே செய்து விட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தால் அளவு மாறி விடும். பிறகு கந்தக அமிலம் விட்டு வண்டலைக் கரைத்து, தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் கஞ்சிக் கரைசல் சேர்த்தால் நீலமாகும். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவாயிற்று என்று பார்த்துக் கணக்குப் போடுவது. அமிலம் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமில வேலையைக் கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில்தான் செய்தாள்.

ஒரு எச்சரிக்கை. நம் வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்காரர் ஒரு பேனா மாதிரி கருவியை நீட்டி 'டி.டி.எஸ்.' பார்ப்பாரே, அதை ஏரியில் நனைத்து எண்ணை எழுதி வைக்கும் அறிக்கைகள் நிறைய வருகின்றன. அது கரைந்த உப்பைச் சொல்லும். ஆக்சிஜனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தராசுக்குப் பதில் முழக்கோலைத் தூக்கக் கூடாது.

நாள்வழி, பேரேடு

பழைய கடைக்காரர்கள் நாள்வழி என்று ஒன்று எழுதுவார்கள். அன்றைய கொடுக்கல் வாங்கல் அன்றன்றே, நடந்த வரிசையில். அதிலிருந்து பேரேட்டுக்குப் போகும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கு. நாள்வழி சரியில்லை என்றால் ஐந்தொகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதிகாரி ஒப்பமாட்டான். இன்டர்ன்ஷிப்பிலும் இதே மூன்றுதான். தினசரிக் குறிப்பு நாள்வழி. அறிக்கை பேரேடு. மதிப்பெண் பட்டியல் ஐந்தொகை.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது தைத்த நோட்டு, பக்க எண் அச்சிட்டது. தனித்தாள் கோப்பு வேண்டாம் என்றேன், தாளைக் கழற்றலாம், மாற்றலாம் என்ற சந்தேகம் வரும். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, அளவு, வானிலை, அன்றைய கூட்டு மணி, அதுவரை மொத்தம். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து மேலே எழுதுவது. வெள்ளை மை பூசவே கூடாது. பேனாவில் எழுதுவது, பென்சில் அல்ல. ஒரு நாள் மழை, குப்பி உடைந்தது, அளவு எடுக்கவில்லை. அவள் அந்த நாளை விட்டுவிடப் பார்த்தாள். "அதையும் எழுதும்மா, குப்பி உடைஞ்சது, அளவு இல்லைன்னு" என்றேன். பின்னால் அந்த வரிதான் அவளுக்குக் கைகொடுத்தது.

அளவோடு நிறுத்தாமல் தண்ணீரில் உள்ள சிற்றுயிர்களையும் எண்ணச் சொன்னார் கல்லூரி வழிகாட்டி. தட்டானின் குஞ்சு தண்ணீருக்கு அடியில்தான் வளர்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் வகைகள் பல நீரில் இருந்தால் நீர் ஓரளவு நலம். சேற்றில் சிவப்பு நிறப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் ஆக்சிஜன் குறைவு. அந்தப் புழுவின் உடம்பில் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற சிவப்புப் பொருள் இருப்பதால் கொஞ்சம் ஆக்சிஜனை வைத்தே அது பிழைக்கும். இதைக் கேட்டதும் எனக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வந்தது. புல், மரத்தை ஓரறிவில் வைத்து, நத்தை இனத்தை ஈரறிவில், எறும்பை மூவறிவில், நண்டையும் தும்பியையும் நாலறிவில் வைத்து வரிசைப்படுத்துகிறது அது. அங்கே தும்பி வண்டா தட்டானா என்று வாதிடலாம். இக்காலத் தமிழ் இயற்கை ஆர்வலர்கள் தட்டானையே தும்பி என்கிறார்கள். எங்கள் சமண வீடுகளில் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்தப் பெண் ஒரு சொட்டு ஏரித் தண்ணீரை நுண்ணோக்கியில் காட்டிய படத்தை என் பேரன் பார்த்தான், கேலியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறான்.

அறிக்கைக்கு ஏரியின் வரலாறு ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த ஒரு பக்கம் இணையத்தில் பிரதி எடுத்ததாக இருக்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு, தமிழ் படிக்கத் தெரியும். தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் விண்ணமங்கலம் ஏரியின் வருவாயை இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. இந்திராநகர்ப் பக்கம் பின்னமங்களா என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஏரிக்கு வருவாய் இருந்தது, அதைத் தானம் கொடுக்க முடிந்தது என்றால் ஏரி சும்மா தேங்கி நிற்கும் தண்ணீர் அல்ல, கணக்கில் ஏறிய சொத்து. சுற்றுச்சூழல் மாணவனுக்கு இது எவ்வளவு நல்ல தொடக்கம்!

வாய்மொழித் தேர்வில் அவளிடம் கேட்டார்களாம்: "பதினான்காம் தேதி அளவு எங்கே?" நோட்டைத் திறந்து, மழை, குப்பி உடைந்தது என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். அடுத்த கேள்வி, காலை அளவுக்கும் மதிய அளவுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம், கணக்குத் தப்பா? பாசியைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது கேள்வியே இல்லையாம். நாலு கிரெடிட்டும் கிடைத்தது, உதவித்தொகையும் நின்றுபோகவில்லை. அந்தக் குழு அவளுடைய விடிகாலை அளவுகளை ஏரியின் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறது. கழிவுநீர்க் குழாய் இன்னும் அடைக்கப்படவில்லை.

கடைசியாக, பெயர் விஷயம். தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் வருகிற தலைவலி இது. கிரெடிட்டுகளை எல்லாம் சேமிக்க 2021 ஜூலையில் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்று ஒரு மின்னணு வங்கி தொடங்கினார்கள். பிள்ளைக்கு 12 இலக்க எண் கிடைக்கும். கல்லூரி மாறினாலும் வரவு அதில் இருக்கும். பொதுவாக ஏழு வருஷம் வரை செல்லும். இதில் பெயர் ஆதாரில் உள்ளபடி ஏறுகிறது. நாம் என்ன செய்கிறோம்? பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைத்து 'எஸ்' என்று ஒற்றை எழுத்து, ஆதாரில் அதை விரித்துப் பின்னால், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. கன்னடப் பள்ளிகளில் முதலெழுத்தைப் பின்னால் எழுதி விடுவதும் உண்டு. இயந்திரத்துக்கு இவர்கள் மூன்று பேர். இன்டர்ன்ஷிப் உடன்படிக்கை, சான்றிதழ், கல்லூரிப் பதிவு, ஆதார் நாலிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதல் பருவத்திலேயே பாருங்கள். திருத்துவதானால் அப்போதே திருத்த வேண்டும். முடித்த பிறகு வரவு ஏறியிருக்கிறதா என்று பிள்ளையைத் திறந்து காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். நாள்வழி நோட்டின் மூலத்தைக் கல்லூரி கேட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்ட பிறகே கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.